ஜைத்தானில் எழுதிய பௌர்ணமி

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, பதறாமல் படி. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்குத்தான் பதில் எழுதுகிறேன். "அடுத்த திங்கக்கிழமை ஆபீஸ்ல ராஜினாமா பேப்பர் போட்டுடறேன்மா. ஊருக்கே வந்துடறோம். உன் பொட்டிய நானே புதுசா எழுதித் தர்றேன், நானே பாத்துக்கறேன். நீ இனிமே அல்லாட வேணாம்" என்றாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "சரிப்பா" என்றேன். ரிஃபாவிடம் போனைக் கொடுத்தாய். உன்னைக் கட்டிக்கொண்டு பெங்களூர் வந்து, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, இன்னும் முழுசாக மூச்சுவிடாத பெண் அவள். "நீங்க சொன்னா சரிங்க மாமி" என்றாள். மூன்று பேரும் சரி சொல்லிவிட்டுப் போனை வைத்தோம். அந்த மூன்று சரிகளும் என்னென்ன ரகம் என்று இந்த வாரம் முழுக்க யோசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நாலு பேர் படிக்கும்படி எழுதுவது பெருமைக்காக இல்லை. தனியாகச் சொன்னால், மறுநாள் காலையில் நீ கூப்பிட்டு "என்னம்மா இப்படி எழுதிட்டே" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், "சும்மா எழுதினேம்ப்பா, நீ வா" என்று மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஊர் படித்த பிறகு அப்படி மாற்றிப் பேச முடியாது. என் பேரையோ உன் பேரையோ போடவில்லை. செங்கம் ரோட்டு லாட்ஜில் மேனேஜராக இருக்கிற உன் ஏழுமலை மாமாவின் பேரை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன். "போட்டுக்கோங்கா, நானு இன்னா கொலையா பண்ணேன்" என்றார்.

நாம் பொட்டி என்று சொல்லும் என் லாட்ஜ் புரோகிராம், நீ சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்ததுதான், ஆனால் அது எப்படி வந்தது என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஊருக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. நீ ஒன்றாம் வகுப்பு. உன் அத்தா மெத்தை தலையணை கடையில் இருந்தார், ஊரில் பாதி லாட்ஜுக்கு நம் மெத்தைதான். மெத்தை வாங்க வருகிற மேனேஜர்கள் எல்லோரும் ஒரே புலம்பல் புலம்புவார்கள். பௌர்ணமி வந்தால் கிரிவலம் வருகிற சனம் ஒரு லாட்ஜில் ரூம் இல்லையென்றால் அடுத்த லாட்ஜுக்கு நடக்கும், அங்கும் இல்லையென்றால் அதற்கடுத்தது. கைக்குழந்தையும் மூட்டையுமாக நடப்பார்கள். எந்த லாட்ஜில் ரூம் இருக்கிறது என்று எல்லா லாட்ஜுக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தால் இந்த அலைச்சல் இல்லை. கணக்கில் பட்டம் வாங்கி, கல்யாணத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் கொஞ்சம் படித்து, கடைக்குப் பின்பக்க அறையில் பில் அடித்துக்கொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டதும் கை பரபரத்தது.

அந்தக் காலத்தில் இணையப் பக்கத்துக்குள் ஒரு சின்னக் கட்டம் திறக்கும், அதற்குள் ஒரு புரோகிராம் தனியாக ஓடும். ஆப்லெட் என்பார்கள். அதை ஜாவா என்கிற மொழியில்தான் எழுதுவார்கள். ஜாவாவில் எழுதுவது மாமியார் வீட்டில் முதல் வாரம் இருப்பது மாதிரி, எதைத் தொட்டாலும் இது என்ன, என்ன வகை, எதற்கு என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். எனக்கு அது ஒத்துவரவில்லை. பைத்தான் என்கிற எளிய மொழியில் எழுதி, அதை ஜாவாவுக்குள் ஓட வைக்க ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பேர் ஜைத்தான். அத்தாவிடம் சொன்னபோது அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்னாது, ஷைத்தானா?" என்றார். அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும், "உள்ள எங்க வூட்டுக்காரம்மா ஷைத்தான்ல எழுதிட்டு இருக்காங்க, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிச் சிரிப்பார். நீயும் பள்ளிக்கூடத்தில் போய் அதையே சொல்லி, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

ஆப்லெட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கட்டத்தை விட்டு வெளியே கை நீட்டக் கூடாது. ஓடுகிற கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் தொட முடியாது. தன்னை அனுப்பிவைத்த கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசலாம். அனுப்பிவைத்த கம்ப்யூட்டர் நம் கடைக்குப் பின்பக்கம் இருந்தது. அது அணைந்தால் ஊரிலுள்ள அத்தனை பொட்டியும் ஊமையாகிவிடும். அதனால் அதை அணைக்கவே கூடாது என்று ஆனது, அதை விட்டு நானும் நகரக் கூடாது என்று ஆனது. அப்போது எனக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. ஊரே என் கட்டத்தைத் திறந்து, ரூம் காலியென்று பச்சையா, நிரம்பியதென்று சிவப்பா என்று பார்க்கிறது என்ற நினைப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் சண்டை ஏழுமலையோடுதான். "வெள்ளிக்கிழம ராத்திரிக்கு ரெண்டு ரூம் போட்டு வைங்கா" என்று போனில் சொன்னார். நான் வியாழக்கிழமைக்குப் போட்டுவிட்டேன். நம் வீட்டில் பொழுது சாய்ந்து மஃரிப் ஆனால் அடுத்த நாள் பிறந்தாயிற்று, வியாழன் சாயங்காலம் தொடங்குவதுதான் நமக்கு வெள்ளி ராத்திரி. அவருக்கு விடிந்தால்தான் நாள் மாறும். கம்ப்யூட்டருக்கு நடுராத்திரி மாறும். பௌர்ணமியோ இந்த மூன்றில் எதையும் மதிக்காது, ஒரு நாள் மத்தியானம் பிறந்து மறுநாள் மத்தியானம் முடியும். மலையைச் சுற்றிவிட்டு விடிகாலையில் வந்து படுக்கிறவன் எந்தத் தேதிக்கு ரூம் கேட்கிறான்? இதற்காகவே ஒரு பகுதி எழுதினேன், அதற்கு 'இன்னிக்கி' என்று பேர் வைத்தேன். எந்த நேரத்தில் கேட்டாலும் இந்த ஊருக்கு இப்போது என்ன நாள் என்று அது சொல்லும். பெரிய ஊர்க்காரர்கள் செய்து விற்ற புரோகிராம்கள் எல்லாம் நடுராத்திரியில் ரூமைக் காலி என்று காட்டி மானத்தை வாங்கின. என் பொட்டி மட்டும் ஏமாறவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அந்த 'இன்னிக்கி'தான், இன்றைக்கும்.

ஜைத்தானைப் பற்றி இன்னொன்று உனக்குத் தெரிய வேண்டும். நீயும் இதே மாதிரி மொழிகளில்தான் சம்பாதிக்கிறாய், ஆனாலும் சொல்கிறேன். ஒரு பேரைத் தப்பாக எழுதி அதில் எதையாவது போட்டால் அது "இது யார்?" என்று கேட்காது. புதுசாக ஒருவர் வந்திருக்கிறார் என்று எண்ணிச் சேர்த்துக்கொள்ளும். ஒரு சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் பொட்டியில் ஏதோ மாற்றினேன். பௌர்ணமி என்பதை இங்கிலீஷ் எழுத்தில் ஓரிடத்தில் 'யு' போட்டும் இன்னோரிடத்தில் 'டபிள்யூ' போட்டும் எழுதிவிட்டேன். நம் வார்த்தையை அவர்கள் எழுத்தில் எழுதினால் ஆளுக்கொரு மாதிரிதானே வரும். அது வாயே திறக்கவில்லை. நிரம்பிய ரூம்கள் ஒரு பேரில் போய்ச் சேர்ந்தன, திரை இன்னொரு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கப் பச்சை. அந்தி சாயும் நேரத்தில் ஒரே ரூமுக்கு இரண்டு மூன்று குடும்பம் வந்து கவுண்டரில் நின்றது. அத்தா கடையைத் திறந்துவிட்டு, விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளையெல்லாம் தரையில் போட்டு, "படுங்கம்மா, குழந்தைய படுக்க வைங்க" என்று உபசரித்தார். ஏழுமலை தன் லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில் பாய் விரித்தார். மறுநாள் நான் அழுதுகொண்டே போய் நின்றபோது அவர் சொன்னது, "அட உடுங்கா, ஒண்ணும் ஆவல." ஏகப்பட்டது ஆகியிருந்தது. அவர் அப்படித்தான் சொல்வார் என்று நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பிறகு நீ பெரியவனாகிக்கொண்டிருக்கும்போதே பிரவுசர்கள் ஆப்லெட்டை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. பாதுகாப்பு இல்லை என்றார்கள். புதுசாக ஒரு அப்டேட் வந்தால் என் கட்டம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம் தெரியும். புதிதாக எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதற்குள் பௌர்ணமி வந்துவிடும். ஒன்று முடிந்தால் அடுத்ததற்கு இப்போதே புக்கிங். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாமல் எப்படிப் பிரித்து எழுதுவது? அதனால் பழைய பிரவுசரை பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் லாட்ஜ் லாட்ஜாகப் போனேன். "அப்டேட் கேட்டா குடுக்காதீங்க, வேணாம்னு அமுக்குங்க" என்று ஒவ்வொரு கவுண்டரிலும் சொன்னேன். தேரடித் தெருவிலிருந்து வேங்கிக்கால் புது லாட்ஜுகள் வரை அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு வயசாகவே விடாமல் பிடித்து வைத்தேன். எனக்கு மட்டும் வயசானது.

உன் பட்டமளிப்பு பௌர்ணமியில் வந்தது, நான் வரவில்லை. அத்தா மட்டும் வந்தார், போட்டோவில் அவர் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்கிறாய். அன்று நினைத்தாலும் கிளம்பியிருக்க முடியாது, பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு ரோட்டை அடைத்திருந்தார்கள். அத்தா மௌத்தாகிப் போன பிறகு நடந்த உன் நிக்காஹ் தேதியைக் கூட பௌர்ணமி படாத வாரமாகப் பார்த்துத்தான் வைத்தோம். மகன் கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்த முஸ்லிம் குடும்பம் இந்த ஜில்லாவில் நாம் ஒருவர்தான் இருப்போம். ரிஃபாவின் அத்தா ஒரு மாதிரியாகப் பார்த்தார், நீதான் ஏதோ சொல்லிச் சமாளித்தாய். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை நீங்கள் இருவரும் வந்திருந்தபோதும் நான் பின்பக்க அறையிலேயேதான் கிடந்தேன். அதைப் பார்த்துத்தான் உனக்கு இந்த யோசனை வந்திருக்கிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நீ போன் செய்த மறுநாள் காலை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதலில் யாரிடம் சொல்வது? ஏழுமலையிடம்தான். போகும்போது பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள், கூட்டமில்லாத காலை. என் ஸ்கூட்டி நிற்கும் முன்பே அவர் கவுண்டருக்குக் கீழே குனிந்து ஏதோ செய்வது தெரிந்தது. எப்போதும் அப்படித்தான் குனிவார், நான் கவனித்ததில்லை.

"ஏழுமலை, இனிமே உங்களுக்குப் பழைய கம்ப்யூட்டர் தொல்லை கெடையாது. புள்ள வேலைய உட்டுட்டு வர்றான். பொட்டிய புதுசா எழுதப் போறான். போன்லயே பாக்கலாம்" என்றேன்.

அவர் பால்கோவாவைக் கையில் வாங்கினார், வாயில் போடவில்லை.

"தம்பி வேலைய உட்டுட்டு வருதா? பெங்களூர் வேலையவா? எதுக்குங்கா?"

"எதுக்கா? பொட்டிக்குத்தான்."

"அதுக்குன்னா வேணாங்கா."

"இன்னா வேணாம்?"

அவர் கவுண்டரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பொட்டிய யாரும் பாக்கறதில்லக்கா. பாய் மௌத்தானாரு இல்ல, நீங்க நாலு மாசம் இத்தா துக்கத்துல வெளிய வராம உள்ள இருந்தீங்க, அப்போ பொட்டி நின்னுபோச்சு. உங்கள எப்பிடி வந்து கேக்கறது? நாங்க மேனேஜருங்க எல்லாம் வாட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்டோம். ரூம் இருந்தா இருக்குன்னு போடுவோம், இல்லன்னா இல்ல. அது அப்பிடியே போயிடுச்சு."

"தேதி? விடிகாலையில வர்றவனுக்கு எந்தத் தேதி போடுவீங்க?"

"ரெண்டு தேதியும் போட்டுக்கச் சொல்லிடுவோங்கா."

எனக்கு வந்த கோபத்தில் பால்கோவாப் பொட்டலத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. இரண்டு தேதி! என் 'இன்னிக்கி'க்கு அவ்வளவுதான் மரியாதை. "அப்போ திரையில நான் பாக்கற ரூமெல்லாம்?" என்று கேட்டேன். சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பொட்டியில் ஏற்றிவிடுவாராம். எல்லா லாட்ஜிலுமாம். முறை வைத்துச் செய்கிறார்களாம். கவுண்டருக்குக் கீழே என் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, என் வண்டிச் சத்தம் கேட்டால் குனிந்து அதன் திரையைப் போட வேண்டும்.

"எல்லாரும் சேந்து என்ன முட்டாளாக்கிட்டீங்களே" என்றேன்.

"அய்யோ இல்லக்கா. நீங்க இத்தா முடிஞ்சு வெளிய வந்ததும் மொத மொத எனக்குத்தான் போன் பண்ணீங்க. பொட்டி ஓடுதான்னு கேட்டீங்க. பாய் போன வூட்ல இருந்து ஒரு பொம்பள அத கேட்டா, நான் இல்லன்னா சொல்ல முடியும்? ஓடுதுங்கான்னேன். அவ்ளோதான். அப்புறம் எப்பிடி மாத்திச் சொல்றது? நீங்களே ஒரு நாளு, போதும்ப்பான்னு நிறுத்திடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தோம். நீங்க எங்களுக்காக ஓட்றீங்க, நாங்க உங்களுக்காக ஓட்றோம். தம்பி வர்றாருன்னு சொன்னதாலதான் இப்ப சொல்றேன். அதுக்கு மேல என்னால முடியாதுக்கா."

மகனே, அவரை நான் திட்டிவிட்டு வந்தேன். நியாயமில்லைதான். திரும்பி வந்து பின்பக்க அறையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், ஒரு நல்ல மனுஷன் ஒரு தடவை இரக்கப்பட்டுச் சொன்ன ஒரு "ஓடுதுங்கா" என்னையும் பிடித்து வைத்திருக்கிறது, அவர்களையும் பிடித்து வைத்திருக்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நான் போகாத கல்யாணங்களும், உன் பட்டமளிப்புக்குப் பிறகு உன்னைச் சரியாகப் பார்க்காத வருஷங்களும், அவர்கள் சாயங்காலங்களும் அதில் போயிருக்கின்றன. எல்லோரும் ஒருவரையொருவர் மனசு நோகக் கூடாது என்று தாங்கிக்கொண்டிருந்தோம். இதற்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

இப்போது உன் விஷயம். நீ திங்கட்கிழமை பேப்பர் போட்டால், யாருமே பார்க்காத ஒன்றைப் புதுசாக எழுத வருகிறாய். நீ எழுதியதையும் அவர்கள் அருமை என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். உன் போன் வந்தால் அதையும் திறந்து வைத்துக்கொள்வார்கள், அத்தனை நல்லவர்கள். அதற்கும் ஒருவர் சாயங்காலம் உட்கார்ந்து ரூம் ஏற்றுவார். நீ அந்தப் பின்பக்க அறையில் நல்ல நாற்காலி ஒன்று வாங்கிப் போடுவாய். எனக்கு அந்த நாற்காலி கூடக் கண்ணுக்குத் தெரிகிறது.

ரிஃபாவின் சரியை நீ சரி என்று எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கு இந்த ஊரில் என்ன வேலை கிடைக்கும், கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்று கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய், நானும் கேட்கவில்லை. புதுசாக வந்த பெண் மாமியாரிடம் போனில் வேறென்ன சொல்வாள்? அவளை உட்கார வைத்துக் கேள். இல்லை என்று சொல்ல அவளுக்கு நேரம் கொடு. முதல் தடவை சரி என்பாள், இரண்டாம் தடவையும் சரி என்பாள், விடாமல் கேள். அவள் இல்லை என்று சொன்னால் முகம் சுளிக்காதே. அத்தாவும் நானும் முகம் சுளிப்பதற்குப் பயந்தே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டோம். அவருக்கு நான் கடையில் உட்காருவது பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. சிரித்துக்கொண்டே இருந்தார்.

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அணைக்கவில்லை. இதை எழுதும்போதும் அது பக்கத்தில் ஓடுகிறது, திரையில் ரூம்கள் பச்சையும் சிவப்புமாக மாறுகின்றன, யாரோ ஒருவர் எனக்காக உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். நிறுத்திவிடுங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும். ஏழுமலைக்குப் போன் செய்ய எடுக்கிறேன், வைக்கிறேன். அதை நிறுத்தினால் காலையில் எழுந்து எங்கே போய் உட்காருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. அது என் பாடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குள் இன்னும் ஒரு பௌர்ணமி கூடப் போகலாம்.

ஆனால் உன்னிடம் ஏழுமலை மாதிரி பேச எனக்கு விருப்பமில்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். நீ வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பொட்டி வேண்டாம் என்று தெரிந்த பிறகும் நீ வர வேண்டும் என்றுதான் இந்த வாரம் முழுக்க என் மனசு அடித்துக்கொண்டது. இதை உனக்குச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று கூட யோசித்தேன். நீ பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நின்றுவிட்டால், போ என்று சொல்ல என்னால் ஆகாது, ஒரு நாளும் சொல்லமாட்டேன். அதனால்தான் வருவதற்கு முன்பே சொல்கிறேன். வராதே. திங்கட்கிழமை வேலைக்குப் போ.